ஒரு மூட்டைக் கரிசல்

ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டைக் கரிசல் மண்ணோடுதான் பெரம்பலூரில் அந்த நர்சரிக்குப் போனேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு தொட்டி மட்டும்தான். கைப்பையில், செய்தித்தாளில் சுற்றிய பச்சைத் தண்டு ஒன்று இருந்தது. லப்பைக்குடிக்காட்டில் நான் குடியிருந்த வீட்டுக்கார அக்காவின் மகள், முந்தின நாள் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு வந்து, அம்மா கொடுத்துவிட்டதாகச் சொல்லித் தந்துவிட்டுப் போனது. அதைப் பிரித்துக் காட்டினேன். "மண்ணு என்ன போடுறீங்க மேடம்?" என்றார் நர்சரிக்காரர். எங்கள் வயல் கரிசல் இருக்கிறது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "அய்யய்யோ, ஆர்க்கிட் கள்ளிய அதுலயா வைக்கப் போறீங்க? இது காட்டுல மரக்கொம்பத் தொத்திக்கிட்டு வளர்ற சாதிங்க. கரிசல்ல தண்ணி நிக்கும், வேரு அழுவிடும். ஒரு மாசம் தாங்காது." பதினோரு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு செடி அந்த நிமிஷம் என் கண் முன்னால் வந்து நின்றது.

முதல் வேலை கிடைத்து லப்பைக்குடிக்காட்டுக்குப் போனபோது, அக்கா வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தேன். அவருடைய கணவர் வளைகுடா நாட்டில் ஒரு பணக்கார வீட்டில் தோட்ட வேலை பார்த்தவர். ஒரு விடுமுறையில் வந்தபோது, சட்டைக்குள் சுருட்டி நாலு தண்டு கொண்டுவந்து தொட்டியில் வைத்தாராம். திரும்பிப் போன மறு வருஷமே அங்கேயே இறந்துபோனார். அங்கேயே அடக்கமும் ஆயிற்று. அக்காவால் அந்த மண்ணைப் பார்க்கவே முடியவில்லை. படிக்கட்டு ஓரத்தில் அந்தச் செடி இருந்தது. தட்டைத் தட்டையாகத் தொங்கும் தண்டுகளில் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தச் சிவப்பில் ஏழெட்டுப் பூ பூக்கும். அதற்கு அக்கா வைத்திருந்த பெயர் 'அவரு செடி'. வேறு பெயர் சொல்லிக் கேட்டதில்லை.

மகளின் பிரசவத்துக்காக அக்கா இருபது நாள் திருச்சிக்குப் போனார். சாவியோடு செடியையும் என்னிடம் ஒப்படைத்தார். "வாரத்துக்கு ரெண்டு தம்ளர் தண்ணி போதும் டீச்சர், அதுக்கு மேல ஊத்திடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். தொட்டியைக் கிளறிப் பார்த்தால் உள்ளே மண்ணே இல்லை. தேங்காய் மட்டைத் துண்டும், அடுப்புக்கரியும், உடைந்த ஓடும்தான். பாவம், மண்ணுக்கு வழியில்லாமல் எதையோ போட்டு நிரப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் கரிசல்காட்டு விவசாயி மகள் இல்லையா! எங்கள் அப்பா செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூட வரப்பில் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அப்பேர்ப்பட்டவர், நான் விஷயத்தைச் சொன்னதும், பருத்திக்காட்டின் மேல்மண்ணைத் தன் கையாலேயே வாரி மூட்டை கட்டிக் கொடுத்தார். "இதுல எத ஊனுனாலும் வரும்மா" என்றார். இரண்டு பஸ் மாறி, மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மட்டையையும் கரியையும் குப்பையில் கொட்டி, கரிசலோடு மக்கிய சாணமும் கலந்து செடியை நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். அக்கா வந்து பார்த்துப் பூரித்துப் போவார் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தவர் பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் நின்றார். விரலால் மண்ணைத் தொட்டார். "மாஷா அல்லா, எவ்வளவு பாடுபட்டிருக்கீங்க டீச்சர்" என்றார். அன்று சாயங்காலம் எனக்குச் சேமியா பாயசம் வந்தது. அடுத்த சில வாரங்களில் தண்டுகள் மஞ்சளாகி, அடியில் சொதசொதவென்று அழுகி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நான்தான் அழுதேன். "இந்த வருச வெயிலு அப்படிங்க. உங்க கை நல்ல கை" என்று அவர் என்னைத் தேற்றினார். நானும் தேறிவிட்டேன். இத்தனை வருஷமாக அந்த வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நர்சரியில் தொட்டி அடுக்குகளுக்கு நடுவே நின்றபடியே அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அந்தச் செடி வெயில்ல போகல. என் மண்ணுலதானே போச்சு?"

"அது எதுக்கு டீச்சர் இப்ப?"

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தொட்டதுமே தெரிஞ்சுதுங்க. நீங்க பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்திருக்கீங்க. உங்கப்பா வாரிக் குடுத்த மண்ணு. அதக் கொட்டுங்கன்னு எந்த வாயால சொல்றது? மறுநா நீங்க ஸ்கூலுக்குப் போனதும் ஒரே ஒரு தண்ட ஒடிச்சு தங்கச்சி வூட்டுல கொண்டுபோயி வச்சிட்டேன். அதுக்கு மேல ஒடிச்சா உங்களுக்குத் தெரிஞ்சிடுமே. அது வேரு விடுமோ விடாதோன்னு ரெண்டு மாசம் உசிரு கையில இல்ல டீச்சர். அதுல ஒடிச்சதுதான் இப்ப உங்க கையில இருக்கு."

அந்த இரண்டு மாசமும் தினம் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தவர் அவர். ஒரு நாள்கூட முகம் மாறியதில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூடவே கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே பிடுங்கி மாற்றியிருப்பேனே! கடைசி நினைவாக இருந்ததை என் முகம் வாடக் கூடாது என்று யாராவது சாக விடுவார்களா? வாய்க்கு வந்தபடி ஏதோ கத்தினேன். அவர் சிரித்தார்.

"மட்டையும் கரியும் வாங்கி வைக்கிறேன்க்கா" என்றேன்.

"நீங்க எதுல வேணா வைங்க டீச்சர். போனா போவட்டும். இன்னொன்னு ஒடிச்சுத் தரேன்."

தேங்காய் மட்டைத் துண்டு, கரி, கொஞ்சம் மண்புழு உரம் எல்லாம் நர்சரிக்காரரே கலந்து கொடுத்தார். திரும்பும் வழியில் வயலுக்குப் போய் மூட்டையை அவிழ்த்து, எடுத்த இடத்திலேயே கொட்டினேன். வயதாகிவிட்ட அப்பா, வரப்பில் கம்பை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, நம்ம மண்ணு ஆவாதா அதுக்கு?" என்று கேட்டார்.

"தொட்டி சின்னதாப் போச்சுப்பா. இது மிச்சம்" என்றேன்.