ரெனர் தேடிப் பண்டத்தரிப்புக்கு

1992 டிசம்பர் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை, யாழ்ப்பாணம் நகரத்திலிருந்து பண்டத்தரிப்புக்குச் சைக்கிளில் போனேன். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ரெனர் பாட ஒருவரும் மிஞ்சவில்லை. ரெனர் என்றால் ஆண்களின் உயர்ந்த குரல். பாடிய நால்வரில் இருவர் கனடாவுக்கும் ஒருவர் கொழும்புக்கும் போய்விட்டார்கள். நாலாவது ஆள் எங்கே என்று அவருடைய தாய்க்கே தெரியாது. குழுவை நடத்திய இராசநாயகம் மாஸ்டர், "நாலு குரலும் இல்லாட்டி இந்த முறை நத்தார்ப் பாட்டே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கிறிஸ்மஸ் பாட்டு வழிபாட்டுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். குழுவில் அல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல். பண்டத்தரிப்பில் ஒரேயோர் ஆணை வைத்துக்கொண்டு நாலு குரலிலும் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எப்படியென்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாஸ்டரிடம் சொன்னேன்; நடத்துகிறவர் பெயர் ஜெயமணி ரீச்சர் என்றேன். மாஸ்டர் அந்தப் பெயரைத் திருப்பிக் கேட்டார். பிறகு, "நானும் வாறன்" என்றார்.

காலை 6.30க்குப் புறப்பட்டோம். பெற்றோல் இல்லை, பஸ்ஸை நம்ப முடியாது. நேர்வழியில் மழைவெள்ளம் என்று சொன்னதால் கொக்குவில், இணுவில் பக்கமாகச் சுற்றினோம், 17 கிலோமீற்றர். இணுவிலில் 7.15க்குத் தேத்தண்ணி, மூன்று ரூபாய். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டித் துண்டு. (இப்போதும் எனக்கு அதுதான் பிடிக்கும்.) கடைக்காரர் சின்னச் சந்து ஒன்றைக் காட்டி வழி சொன்னார்: "உந்த ஒழுங்கையாலை போங்கோ, மானிப்பாய் றோட்டிலை ஏறும். முன்னுக்குப் பள்ளம், மாஸ்டர், இறங்கி உருட்டுங்கோ."

உருட்டிக்கொண்டு நடக்கும்போதுதான் மாஸ்டர் சொன்னார். பதினைந்து வருடத்துக்கு முன் ஜெயமணி அவருடைய குழுவுக்கு வந்து மூன்று வாரம் பாடியிருக்கிறார். ஆம்பிளைக் குரல் என்று சொல்லி இவர்தான் அனுப்பிவிட்டாராம். அப்போது ரீச்சருக்குப் பதினெட்டு வயது. சண்டிலிப்பாய் தாண்டும்வரை அவருக்கு முன்னால் மிதித்தேன்.

8.45க்குச் சேர்ந்தோம். பள்ளி மண்டபத்தில் பதினொரு பெண்கள். ஆண்களின் தாழ்ந்த குரலான பேஸ் பாட வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர். ஆர்மோனியம் இல்லை, ஜெயமணி ரீச்சர் வாயால் சுரம் கொடுத்தார். கையசைத்து நடத்திக்கொண்டே அவரும் இன்னும் இரண்டு பெண்களும் ரெனர் பாடினார்கள். மிகக் கீழே இறங்கும் சில இடங்களில் மட்டும் சுரத்தை மேலே திருப்பியிருந்தார். கண்ணை மூடிக் கேட்டேன். எந்தக் குரலும் குறையவில்லை.

பாட்டு முடிய மாஸ்டர் எழுந்து நின்றார்.

"பிள்ளை, என்னைத் தெரியுதோ?"

"தெரியாமல் என்ன, மாஸ்டர்? உங்கடை குழுவிலை மூண்டு கிழமை இருந்தனான்."

"உங்களை அனுப்பினது நான்தான்."

"எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள். அதுக்குப் பிறகு எட்டு வருஷம் நான் கோயிலிலை வாய் திறக்கேல்லை."

மாஸ்டர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"அது பிழை, பிள்ளை. அண்டைக்கே பிழை. உதவி கேட்டுத்தான் வந்தனான். ஆனா இதை முதல் சொல்லவேணும்."

ரீச்சர் அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என்னைக் கூப்பிட்டு, "கீழை இறங்கிப் பாடுங்கோ" என்றார். இறங்கினேன். "இன்னும்." தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது, நிறுத்திவிட்டேன். "வெக்கப்படாதேங்கோ. அதுவும் உங்கடை குரல்தான்."

பாணும் சம்பலும் சாப்பிட்ட நேரம் போக, மூன்று மணிவரை எனக்கு ரெனர் பழக்கினார். மாஸ்டர் ரெனர் வரியைக் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதினார். புறப்படும்போது ரீச்சர் சொன்னார்: "நத்தார்ப் பாட்டு அண்டைக்கு நானும் வந்து பாடுவன். ஆனா பின்னுக்கு ஒளிச்சு நிக்கமாட்டன். ஆம்பிளையள் நிக்கிற வரிசையிலை நிப்பன்."

"நீங்கள் வந்து நடத்துங்கோ," என்றார் மாஸ்டர். "நான் பேஸிலை நிக்கிறன்."

அப்படியே நடந்தது; ரெனரை ரீச்சரும் நானும் பாடினோம். முப்பது வருடம் அந்தக் குழுவை நடத்தியவர், ரீச்சரின் கையைப் பார்த்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். ஓரிடத்தில் அவசரப்பட்டுத் தாளத்தில் ஒரு தட்டு முந்தித் தொடங்கினார். ரீச்சர் அவரை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பிழைவிடவில்லை.

குரலை ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்துவைத்தது நாங்கள்தான் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இனிப் போகிறவர்களுக்கு: யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து பண்டத்தரிப்புக்கு ஒரு மணித்தியாலம் வையுங்கள். சைக்கிளென்றால் மழைமாதத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குக் கூடும். பாட்டுப் பழகும் நாளை ஊரில் முன்கூட்டியே விசாரியுங்கள், அனுமதி கேட்டு உள்ளே போங்கள். சும்மா கேட்க வந்தோம் என்றால் விடமாட்டார்கள், பாடச் சொல்வார்கள். உங்கள் குரல் எங்கே இறங்கினாலும் பாடிவிடுங்கள். நான் இன்றைக்கும் ரெனர்தான்.