தலைச்சுமையாக வந்த பலகை

“வனம், கல்வி, உலகத்தின் எதிர்காலம் பற்றி இரண்டு மணி நேரம் பேசினேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது.” 1992ஆம் ஆண்டு நாட்குறிப்பில் நான் எழுதிய வரி இது. அமைதிக்குக் காரணம் தூக்கம் என்று குறிக்கவில்லை.

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் வழியில், மாலையில் முதியோர் கல்வி வகுப்பு எடுத்து வந்தேன். அன்று விழித்திருந்தவர் விறகு பொறுக்கும் ஓர் அம்மாள் மட்டுமே. ஒல்லியான உடம்பு, சும்மாடு தேய்த்துத் தேய்த்து உச்சியில் முடி குறைந்திருந்தது. எந்தக் குச்சியைக் கண்டாலும் உள்ளே பச்சை இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பார். கரும்பலகையைச் சுட்டும் என் குச்சியையும் கீறியிருக்கிறார்.

“மலைப்பாதையில புதுசா போர்டு வச்சிருக்காவ சார். வெறகெடுக்கலாமா கூடாதான்னு தெரியாம மூணு நாளா போகல. அத மட்டும் வாசிக்கச் சொல்லிக்குடுங்க.”

“அந்த எழுத்தெல்லாம் ஒன்பதாம் பாடத்துல வரும்மா.”

“அம்புட்டு நாளு அடுப்பு காத்துக் கெடக்குமா?”

நானே போய்ப் படித்துச் சொல்லியிருக்கலாம். பாடத்திட்டத்தில் அது இல்லை.

மறுநாள் பலகையையே பிடுங்கித் தலையில் சுமந்து வந்து என் முன்னால் சாத்தினார். வாசித்துக் காட்டினேன். பச்சை மரம் வெட்டக் கூடாது என்றிருந்தது.

“நான் என்னைக்கி பச்சையத் தொட்டேன்!” என்று சிரித்தார்.

அடுத்த வரி, பலகையை அகற்றுவது குற்றம் என்றது.

“இத நேத்தே சொல்லிக்குடுத்திருந்தா நான் எதுக்கு சார் பிடுங்கப் போறேன்?”

அன்று ஒன்பதாம் பாடத்தை முதலில் நடத்தினேன். பலகையைப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார். பிடுங்கிய பலகையைப் படித்தவனும் குற்றவாளியோ என்ற பயத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆகவே அவர் சொன்னது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.