லீக்ஸ் பாத்தியில் ஒளித்து வைத்த பூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் — நான் ஒரு மடையன். முழுவதும் படித்துவிட்டு நீங்களாகவே கண்டுபிடித்த பெருமை உங்களுக்கு வேண்டாம்.

லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கரட், பீட்ரூட், வெங்காயத்தாள் மாதிரி லீக்ஸ். அவ்வளவுதான் கொள்ளும். அங்கே பூச்செடி வைக்கலாமா என்று என் மனைவி புவனாவிடம் வாயெடுத்தாலே ஒரே பதில்தான்.

"பூவ ஆக்கியா திங்கப் போறீங்க?"

இந்த நேரத்தில்தான் டவுனில் பூக்கன்று விற்கும் நண்பர் ஒரு பை நிறைய டெஃபடில் கிழங்குகளைத் தந்தார். மஞ்சள் பூ. துரை பங்களாக்களில் பூப்பது. நம் லயத்திலும் பூக்கட்டுமே! ஆனால் எங்கே ஊன்றுவது?

யோசித்தேன். (நான் யோசிக்கும்போது யாராவது தடுத்திருக்க வேண்டும்.) டெஃபடில் இலையும் லீக்ஸ் இலையும் பார்வைக்கு அக்கா தங்கச்சி மாதிரி. இரண்டும் பட்டை, இரண்டும் நீலம் கலந்த பச்சை. லீக்ஸுக்கு நடுவே நடுவே ஊன்றிவிட்டால் புவனாவுக்கு எங்கே தெரியப் போகிறது? ஒருநாள் விடியும்போது பாத்தி முழுக்க மஞ்சள் பூ... அவள் வாயைப் பிளந்து நிற்பாள்... என்ன ஒரு சர்ப்ரைஸ்!

கிழங்கைத் தந்த நண்பர் ஒன்று சொல்லித்தான் தந்தார். "வாயில கீயில வச்சிடாதீங்க சேர், விஷம். வாந்தி எடுத்துப் போடும்." நான் சிரித்தேன். பூச்செடியை எவன் தின்பான்?

போன வாரம் ஒருநாள், பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் டவுனில் இருந்து வீடு திரும்பினேன். வழக்கம்போல இரகசியமாகப் பாத்தியை எட்டிப் பார்த்தேன். பாதிப் பாத்தி மொட்டை.

"என்னா அப்பிடிப் பாக்குறீங்க? லீக்ஸ் முத்திப் போகப் பாத்துச்சு. வெட்டி ரெண்டு கட்டு புள்ளக் காம்பராவுக்குக் குடுத்து அனுப்பிட்டேன்."

புள்ளக் காம்பரா என்பது, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். பகல் சாப்பாடு அங்கேயே சமைத்துக் கொடுப்பார்கள். லயத்தில் யார் வீட்டில் மரக்கறி மிஞ்சினாலும் ஒரு கட்டு அங்கே போகும். எங்கள் தோட்டத்து வழக்கம் அது.

"எந்தப் பக்கமா வெட்டுன?"

"கேக்கிற கேள்வியப் பாரு. வரிசையாத்தான் வெட்டுனேன்."

வரிசையாக! கிழங்கோடு பிடுங்கியிருந்தாலாவது வித்தியாசம் தெரிந்திருக்கும். அடியில் கத்தியை வைத்து அறுத்திருக்கிறாள். மணத்தை வைத்தும் பிரிக்க முடியாது — லீக்ஸோடு சேர்த்துக் கட்டினால் எல்லாமே லீக்ஸ் மணம்தான்.

விஷயத்தைச் சொன்னேன். புவனாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"அடப் பாவி மனுசா... நிக்கிறீங்களே, ஓடுங்க!"

அவள் புள்ளக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் ஜெயாவுக்குப் போன் அடித்தாள். ரிங் போகிறது... போகிறது... எடுக்க ஆளில்லை. நான் ஒரு கையில் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் இறங்கி ஓடினேன். பனியில் ஊறிய பாதை. இரண்டு தரம் விழுந்தேன். மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரே குஷி.

"என்னாண்ணே, புலி தொரத்துதா?"

"புலி இல்லடி, புவனாக்கா!" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு மலை முழுக்கக் கேட்டது. அவர்களுடைய பிள்ளைகள்தான் கீழே இருக்கிறார்கள். நான் ஏன் ஓடுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எனக்குக் காலே தரையில் படவில்லை.

புள்ளக் காம்பராவுக்குள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் சோறு. சோற்றின் மேல் தேங்காய்ப்பால் விட்ட லீக்ஸ் கறி. கையில் அகப்பையோடு ஜெயா.

"சாப்புடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் இரண்டு பிள்ளைகள் அழத் தொடங்கின.

"என்னாண்ணே, பகல்லயே குடிவெறியா?" என்றாள் ஜெயா.

"லீக்ஸ்... விஷம்... ஜெயா..."

அதற்கு மேல் மூச்சு வரவில்லை. ஜெயா அகப்பையைக் கீழே போட்டாள். தட்டுகளைப் பறித்தாள். நானும் பறித்தேன். பசித்த பிள்ளையின் தட்டைப் பறித்திருக்கிறீர்களா? பார்க்கக் கூடாத முகம் அது.

கடைசித் தட்டை எடுத்தவள் அப்படியே நின்றாள். "ஐயோ... சஷ்மி."

பசியில் அழுதாள் என்று சஷ்மிக்கு மட்டும் முன்னதாகவே ஊட்டிவிட்டிருக்கிறாள். மூலையில் உட்கார்ந்திருந்த அந்த வாண்டு, வழித்து நக்கிய தட்டை என்னிடம் நீட்டியது.

"இன்னும் வேணும் மாமா."

மலையில் இருந்து அவள் அம்மா செல்வியைக் கூப்பிட்டு ஓட்டோவில் ஏற்றினோம். ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவள் அவிழ்க்கவில்லை. என்ன நடந்தது என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

பாதி வழியில் சஷ்மி வாந்தி எடுத்தாள். என் சட்டை மேல்தான். பிறகு ஒரு தரம். அப்புறம் ஒரு தரம்.

தோட்டத்து மருந்துச்சாலையில் டொக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "வெளிய வந்தது நல்லது. கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க. இங்கயே வச்சுப் பாப்போம்."

பார்த்தோம். வாங்குப் பலகையில் ஒரு முனையில் செல்வி, மறுமுனையில் நான். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு ஜோக் சொல்கிற நான், அன்று சஷ்மியின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். பிள்ளை கண்ணை மூடினால் எனக்குப் பகீர் என்றது. கண்ணைத் திறந்தால் அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் நேரமும் போன பிறகு சஷ்மி எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, பிஸ்கட்."

செல்வி அப்போதுதான் அழுதாள். நான் பிஸ்கட் வாங்க ஓடினேன். பகலில் ஓடியதைவிட வேகமாக.

பூக்கன்று வாங்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? என்ன நிறத்தில் பூக்கும்? வெயில் தாங்குமா? எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணீர்? பிள்ளை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறோமா? கேட்காமலே ஒருவர் சொன்னபோதும் சிரித்தவன் நான். பூ வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஒளித்து வைத்ததுதான் தப்பு. தின்கிற செடியும் பார்க்கிற செடியும் ஒரே பாத்தியில் வேண்டாம். டெஃபடில்களை எல்லாம் தோண்டி எடுத்துப் பழைய பால்மா டின்களில் வைத்துவிட்டேன். இப்போது அவை வாசலில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு டின்னிலும் மண்டையோடு வரைந்து உதவினார்.

நேற்று நல்ல கரட்டாகப் பார்த்துப் பிடுங்கி, மண் போகக் கழுவி, நானே புள்ளக் காம்பராவுக்குக் கொண்டுபோனேன். சஷ்மி ஓடி வந்து சாரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜெயா கரட் கட்டைக் கையில் வாங்கவில்லை. கரட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கரட்தான் ஜெயா. கரட்ல என்னா சந்தேகம்?" என்றேன்.

"நீங்க ஒண்ணக் கடிச்சு முழுங்குங்க, பாப்போம்."