புகைப் பரணில் நெட் கார்டு

எங்கள் வீட்டில் லேப்டாப்புக்குக் கார்டு போடவும் எடுக்கவும் தெரிந்த கெட்டிக்காரி யார் என்று கேட்டால், கூச்சமே படாமல் சொல்வேன், நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. ஊர், கொடைக்கானல் மலைமேல் இருக்கும் கிளாவரை.

கொடைக்கானலில் ஹோட்டல் வேலையில் இருந்த சித்தப்பா, அக்கா நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கட்டும் என்று தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்திருந்தார். அதன் பக்கவாட்டில் ஒரு பிளவு. தட்டையான நெட் கார்டை அதற்குள் செருகினால்தான் இண்டர்நெட் வரும். விண்ணப்பம் போனதும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அக்காவும் போன பிறகு அதை இயக்க வீட்டில் ஆள் ஏது என்பது அவர் நியாயம். நான் ஒருத்தி இருப்பது அவர் நினைப்பிலேயே இல்லை. அவர் காட்டுக்குப் போன நேரமெல்லாம் அந்தக் கார்டைப் போடுவதும் எடுப்பதுமாகத்தான் இருந்தேன்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் விடிந்ததும் பார்த்தால் கார்டைக் காணவில்லை. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா சாவகாசமாக அடுப்புக்கு மேலே இருந்த பரணில் கைவிட்டு எடுத்தார். மூடுபனியில் ஈரம் ஏறிவிடக் கூடாதே என்று விதைப்பூண்டோடு சேர்த்துப் புகையில் வைத்திருக்கிறார், மனுஷன்! பூண்டே அங்கே கெடாமல் இருக்கும்போது கார்டுக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்திருப்பார். மேலெல்லாம் கரி, பூண்டு வாசம்.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு மூவரும் ஏறினோம். செய்ததற்குப் பரிகாரம் போல அப்பாவே கார்டைப் பிளவில் வைத்து, மண்வெட்டிக்குக் காம்பு இறுக்குகிறவர் மாதிரி அழுத்தினார். பாதியில் நின்றது. இன்னும் அழுத்தினார். உள்ளே இருக்கும் ஊசிக் கம்பிகள் வளைந்தால் அக்காவின் படிப்பு அவ்வளவுதான். அக்கா வாயே திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்கப்பா. தலைகீழா வச்சு முட்டுறீங்க. என்ட்ட குடுங்க."

அடி விழும் என்றுதான் நினைத்தேன். கொடுத்துவிட்டார். பாவாடையின் காய்ந்த ஓரத்தால் கரியைத் துடைத்தேன். முனையில் விரல் படாமல் ஓரங்களைப் பிடித்து, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க, மட்டமாக உள்ளே தள்ளினேன். சிக்கென்று உட்கார்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அக்கா விண்ணப்பத்தை ஒரு பிழையில்லாமல் அனுப்பி முடித்தாள்.

உடனே அப்பா கார்டைப் பிடித்து இழுக்கப் போனார். மறுபடி தடுத்தேன். முதலில் திரையில் கார்டை நிறுத்தினேன். இனி எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகு பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். கார்டு தானாக எட்டிப் பார்த்தது. நேராக இழுத்து எடுத்தேன்.

"ஆத்தாடி, இதெல்லாம் எப்பத்தா படிச்ச?" என்றார் அப்பா. பிறகு அக்காவிடம் திரும்பி, "பெட்டி இங்கயே கெடக்கட்டும். சின்னவ பாத்துக்கிடுவா" என்றார்.

இறங்கும்போது லேப்டாப்பை நான்தான் சுமந்தேன். எதிரே வந்த ஜீப்காரர் கேட்காமலே அவருக்கும் விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அக்கா படிக்கப் போனாள். பெட்டி என்னோடு இருந்தது. அதில் பழகிய கைதான் இன்று கொடைக்கானலில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறது. சித்தப்பா லேப்டாப்பைக் கொண்டுவந்த அன்று முதன்முதலில் கார்டைப் போட்டவளே அக்காதான். என்னைவிட நன்றாகத் தெரிந்தவள், தன் படிப்பே முறியப் போகிற நேரத்தில், அப்பா அழுத்த அழுத்த, என் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். பத்து வயதில் நான் அதைப் பயம் என்று நினைத்துவிட்டேன்.