தக்சாயினி தொட்ட வெள்ளிக் கழுகு

கதிர்காமநாதன் அமெரிக்காவுக்குப் போகவென்று புறப்பட்ட மனுசன். கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கிழக்கு பெர்லினில் ஒரு ரயிலைக் காட்டி, "இதிலை ஏறுங்கோ அண்ணை, மிச்சத்தை எங்கடை ஆக்கள் பாப்பினம்" என்று சொல்லிவிட்டு மாயமானான். அந்த ரயில் மேற்கு பெர்லினில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து அகதி முகாம், முகாமிலிருந்து ஹம் நகரம், ஹம்மில் ஒரு கம்பித் தொழிற்சாலை. அந்த 'எங்கடை ஆக்கள்' யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அமெரிக்காவுக்கு அவர் போகவில்லை. ஆனால் பிடிவாதக்காரர். அமெரிக்காவைக் காசு காசாக வீட்டுக்கு வரவழைத்தார். தொழிற்சாலையின் கோப்பி இயந்திரம் ஏற்காமல் துப்பிய ஒரு கால் டாலரில் தொடங்கியது அந்தப் பைத்தியம். பழங்காசுகளை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. "செத்த ராசாக்களின்ரை மூஞ்சி எனக்கென்னத்துக்கு?" என்பார். அவருக்கு வேண்டியது தன் காலத்திலேயே அடித்து, குறைவாக அடித்ததால் கிடைக்காமல் போன அமெரிக்கக் காசுகள். ஞாயிறு காலையில் நாணயச் சங்கத்து ஜெர்மன்காரர்களோடு ஒரு மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, ஆப்பிள் சாறு குடிக்கும் ஒரே ஆள் அவர்தான்.

அந்தக் காசுகளில் ராணி ஒன்று உண்டு. தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் வெள்ளிக் கழுகு. ஒரு பக்கம் சூரியனை நோக்கி நடக்கும் பெண், மறுபக்கம் கழுகு. கழுகின் வாலருகே பொடியாக ஒரு 'டபிள்யூ'. அந்த எழுத்து இருந்தால்தான் ராணி, இல்லாவிட்டால் வெறும் வெள்ளி. தங்கக் காசு நாலு வாங்கியவர்களுக்கு மட்டும் நாணயச்சாலை கூடவே கொடுத்ததாம். இரண்டாயிரத்தோராம் ஆண்டு, ஹம் சந்தைத் திடலில் நடந்த பழம்பொருள் சந்தையில், பீங்கான் நாய்க்குட்டிகளுக்கு நடுவே அது கிடந்தது. யாரோ தங்கத்தை விற்றுவிட்டு வெள்ளியை அலட்சியமாக விட்டிருக்கிறார்கள். எழுத்தைக் கண்டுகொண்டார். பேரம் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று, கேட்டதைக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

"பாலா, என்ரை பிள்ளையும் தொண்ணூற்றைந்து, இதுவும் தொண்ணூற்றைந்து!" என்று மனைவியிடம் கூவினார். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து காலை நீட்டியிருந்த பாலாம்பிகை, "பிள்ளைக்குக் காலிலை போடச் சப்பாத்து வேணும், அதைப் பாருங்கோ" என்றாள்.

அடுத்த வருடம் ஒரு மாலை. பாலாம்பிகை வேலையில் இருந்தாள். கதிர்காமநாதன் காசைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடாமல் தேநீர் வைக்கப் போனார். திரும்பி வந்தால், மகள் தக்சாயினி அந்த ராணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடியாக மினுங்கும் அந்த வெள்ளியில், நடக்கும் பெண்ணுக்குப் பக்கத்து வெற்றிடத்தில், பெருவிரல் பதிந்திருக்கிறது. தொட்டால் போச்சு. அந்த வகைக் காசைச் சேர்ப்பவர்கள் விளிம்பில் பிடிப்பதற்கே கையுறை போடுவார்கள். அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை மேசைக்குக் கீழே ஒளிந்துவிட்டாள்.

"அதுக்குள்ளை நான் இருந்தனான், அப்பா. அதுதான் தொட்டுப் பாத்தனான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவருக்குக் கோபம் அப்படியே கரைந்துவிட்டது. அவரும் மேசைக்குக் கீழே குனிந்தார்.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றாள்.

"சொல்லமாட்டன், வா."

சங்கத்துக் கிழவர் ஒருவரிடம் கைரேகையை எடுக்கும் மருந்து இருந்தது. காசைக் கொண்டுவரச் சொன்னார். வெள்ளியில் பதிந்த வியர்வை நாள்பட்டால் வெள்ளியைத் தின்றுவிடும் என்றும் எச்சரித்தார். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போனது. அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து விட்டு விட்டு அடித்தது. இரத்தத்தில் நோய் என்றார்கள். இரண்டாயிரத்து மூன்றில், பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடிய கிழமையில், தக்சாயினி போய்விட்டாள்.

பாலாம்பிகையால் பிள்ளையின் எந்தப் பொருளையும் பார்க்க முடியவில்லை. சட்டை, புத்தகப்பை, பனிக்குல்லாய் எல்லாவற்றையும் அள்ளி, தானத்துக்குப் பழந்துணி போடும் தெருமுனைத் துணிப்பெட்டியில் போட்டுவிட்டு வந்து படுத்தாள். தலையணை உறையைக்கூட விடவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் துக்கம் ஒவ்வொரு வழியில் பிசகுகிறது. கதிர்காமநாதன் அலுமாரியைத் திறந்தார். காசில் அந்தப் பெருவிரல் இருந்தது. முன்பு ஒளியில் சாய்த்தால்தான் தெரியும்; இப்போது இலேசாகப் பழுப்பேறித் தானாகத் தெரிந்தது. வருடம் போகப் போக அது கறுத்துத் துலங்கியது. சுழி சுழியாக, ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுக்காயத்தின் கோட்டோடு. ஆப்பிள் நறுக்குகிறேன் என்று கத்தியை எடுத்து வாங்கிய காயம்.

கிழவர் மருந்தோடு காத்திருந்தார். "வேண்டாம்" என்றார் கதிர்காமநாதன். சங்கத்தில் சிரித்தார்கள். விஸ்கொன்சின் மாநிலக் கால் டாலரில் சோளப்பொத்திக்குப் பக்கத்தில் ஓர் இலை தவறிக் கூடுதலாக விழுந்திருக்கிறது என்று சங்கமே அல்லோலகல்லோலப்பட்டபோதும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. பாலாம்பிகை தூங்கியபின் ராணியை எடுத்து, ரேகையின் மேல் விரல் படாமல், பக்கத்தில் தன் பெருவிரலை வைத்துப் பார்ப்பார். அவளிடம் காட்டவில்லை. காட்டினால் அதுவும் துணிப்பெட்டிக்குப் போய்விடும் என்று பயம்.

நாலு வருடம் அந்த வீட்டில் பொங்கலில்லை, தீபாவளியில்லை. சாமிப்படத்துக்கு விளக்குக்கூட அவர்தான் ஏற்றினார். இரண்டாயிரத்தேழு நவராத்திரிக்கு, என்ன நினைத்தாளோ, பாலாம்பிகை தானாகவே எழுந்தாள். லட்சுமிக்குரிய நடு மூன்று நாட்களில் முதல்நாள், அவர் காலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் சாம்பிராணி மணக்கிறது. கும்பம் வைத்திருக்கிறாள். சேலை கட்டியிருக்கிறாள். நெற்றியில் குங்குமம்.

"இஞ்சாருங்கோ, கைகால் கழுவிக்கொண்டு வாங்கோ. உங்களுக்கு ஒண்டு காட்டவேணும்."

கும்பத்துக்கு முன்னால் வெற்றிலையின் மேல் வெள்ளிக் கழுகு இருந்தது. பளபளவென்று இருந்தது.

"லட்சுமிக்குக் காசு வைக்கவேணுமெல்லோ. உங்கடை காசிலையே நல்ல காசை வைப்பமெண்டு எடுத்தனான். பாத்தா ஒரே கறை. புளி போட்டு ஊறவிட்டு, பிறகு திருநீறு போட்டுத் தேய்ச்சனான். ஒரு கறுப்பு மட்டும் போகமாட்டனெண்டு நிண்டது. விரல் நோக நோகத் தேய்ச்சு எடுத்துப்போட்டன்." அவள் சிரித்தாள். நாலு வருடத்தில் அவர் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. "பிள்ளை இருந்திருந்தா இந்த மினுக்கத்தைப் பாத்துத் துள்ளியிருப்பாள், என்ன?"

மகளின் பெயரை எடுக்காவிட்டாலும், அந்தச் சாவுக்குப் பிறகு 'பிள்ளை' என்ற சொல்லை அவள் வாயால் சொன்னதே அன்றுதான்.

கதிர்காமநாதன் கும்பத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். வெள்ளிச் சாமானுக்குத் திருநீறு போடாத தமிழ்ப் பெண் உண்டா? தன் தாயும் அப்படித்தான் மினுக்குவாள் என்பதை நினைத்தார். கத்தவேண்டும் போலிருந்தது. ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லில் இந்தச் சேலையும் குங்குமமும் சாம்பிராணியும் மறுபடி கட்டிலுக்குப் போய்விடும். பிறகு அவளை எழுப்ப எவராலும் ஏலாது.

"வடிவா இருக்கோ?" என்றாள்.

"ஓம். நல்ல வடிவு."

அவள் கடலை எடுத்துவர அடுப்படிக்குப் போனாள். அவருக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. பதறிக்கொண்டு பின்னாலே போனார்.

"பாலா, தேய்ச்ச துணி எங்கை?"

"ஏன், அதிலை கிடக்கு."

ஹீற்றரின் மேல் அது விரித்திருந்தது. பழைய வேட்டிக் கிழிசல். கறுப்பெல்லாம் போகச் சவர்க்காரம் போட்டு அலம்பி, நீவி, ஓரம் மடியாமல் காயப்போட்டிருந்தாள். அவர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கறுப்பா ஊத்தையாக் கிடந்தது, அதுதான் உடனை தோச்சுப்போட்டன்" என்றாள் பாலாம்பிகை. "ஏன், வேணுமோ?"

"இல்லை" என்றார். துணியை விடவில்லை. முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளையை நினைத்து அழுகிறார் என்று எண்ணி, அவள் கடலைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் முதுகைத் தடவினாள். அவள் எண்ணியது சரிதான்.