கவிழ்த்துவைத்த ஆசும் ரெண்டும்

விக்கிரமசிங்கபுரத்தில், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் வீட்டு மாடியில், ஞாயிறு மதியம் நாங்கள் நாலு கிழவர்கள் சீட்டாடுவோம். ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் காயல்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் கற்றதாம். "காசு வச்சா நான் வரல வே, ஹராம்" என்றதால் புளியங்கொட்டை. நடுவில் சேரும் கொட்டையில் பாதி பெரிய கைக்கு, அதாவது உசந்த சீட்டு சேர்ந்தவருக்கு; பாதி சின்னக் கைக்கு, இருப்பதிலேயே சின்னச் சீட்டு சேர்ந்தவருக்கு. இருவரிடம் ஒரே சின்னக் கை இருந்தால் அந்தப் பாதியும் இரண்டாகும்.

ஆட்டம் முடியும்போது பத்துக் கொட்டைக்குக் கீழே வைத்திருப்பவர் அடுத்த வாரம் ஆடக் கூடாது, சீட்டைக் கலைத்துப் போடுவதோடு சரி. அன்று நாலாமவர் அந்தத் தண்டனையில் இருந்தார்.

அடுத்த ஞாயிறு காயல்காரருக்குக் கடைசி. அம்பாசமுத்திரத்துக் கடையைக் கொடுத்துவிட்டு மகனிடம் துபாய்க்குப் போகிறார். அவரோடு இன்னொரு முறை ஆடிவிட வேண்டும் என்பதே என் கவலை. என்னிடம் பன்னிரண்டு கொட்டைதான் மிச்சம்.

கடைசிச் சுற்று. மூவரும் ஆறாறு போட்டாயிற்று. என் கையில் ஆசும் ரெண்டும்; சின்னக் கைக்கு ஆசு ஒன்று என்றுதான் கணக்கு. பொதுவில் விரித்திருந்த சீட்டுகளோடு சேர்த்தால் அதைவிடச் சின்னக் கை கிடையாது. மில்காரர் மேலும் ஆறு தள்ளினார். மீதி ஆறையும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். போட்டேன்.

"எத்தன தடவ எண்ணினாலும் ஆறு ஆறுதான் வே. குட்டியா போடும்?" என்றார் மில்காரர்.

காயல்காரர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறு போடாமல் தன் சீட்டுகளைக் கவிழ்த்துவைத்து விலகிக்கொண்டார்.

பெரிய கை மில்காரருக்கு, சின்னக் கை எனக்கு. முப்பதில் பதினைந்து வந்தது, மூச்சும் வந்தது. மில்காரர் சும்மா இராமல் காயல்காரர் சீட்டைப் புரட்டினார். அதிலும் ஆசும் ரெண்டும்!

"அண்ணாச்சி, இத வச்சிக்கிட்டா ஓடுனீரு?"

"அவருட்டயும் அதான் இருக்கு. ரெண்டுதரம் எண்ணுனாருல்லா? பாதியில பாதிக்கு எதுக்குவே ஆசப்படணும்?"

பிரமித்துப் போனேன். தோற்கவே முடியாத கையைக் கீழே வைக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. நானாயிருந்தால் சீட்டு விரலோடு ஒட்டியிருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். எதையாவது கூட்டிக் கழிக்காமல் எனக்கு இருக்க முடியாது. அவரும் ஆறு போட்டிருந்தால் நடுவில் முப்பத்தாறு. சின்னக் கைக்குப் பதினெட்டு. ஆளுக்கு ஒன்பது. ஆறு போட்டு ஒன்பது எடுக்க வேண்டியவர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் ஒன்பதோடு நின்றிருப்பேன், பத்துக்குக் கீழே.

மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். தப்பில்லை. பஸ்ஸில் பாதி வழி போட்ட கணக்கை மனுஷர் என் விரலைப் பார்த்த நேரத்தில் போட்டு முடித்திருக்கிறார்.

"வே, ஆறு போட்டிருந்தா உமக்கு ஒம்பது வந்திருக்கும்லா?"

"அப்படியா? நமக்குக் கணக்கு வராது வே," என்றார், இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்த மனிதர். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வயலைப் பார்த்தார். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நடவு முடிந்திருக்கும் என்று எதையோ சொன்னார். அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போதுதான் என் தோளைத் தட்டினார்.

"வார ஞாயித்துக்கெழம எண்ணாம போடும். அன்னைக்கு விடமாட்டேன்."