எல்லாவற்றுக்கும் ஆயிரம்

அன்புச்செல்வி அக்காவை நான் முதலில் பார்த்தது தி. நகர் அலுவலகத்தில் சேர்ந்த மூன்றாவது மாதம். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“எரர் ஆயிரத்தை எழுதின மகராசன் நீதானா?”

நான்தான். ரத்தப் பரிசோதனைக்கு முன்பதிவு செய்யும் இணையதளம் எங்களுடையது. எந்தப் பிழை வந்தாலும் ஒரே இடத்தில் பிடித்து, ‘பிழை 1000’ என்று காட்டும்படி எழுதியிருந்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். எழுதிய புரோகிராம் கோடு சுத்தமாக இருக்கிறதென்று பெருமை வேறு.

“ஸ்லாட் நிரம்பினாலும் ஆயிரம், போன் நம்பர் தப்பா போட்டாலும் ஆயிரம், உங்க சர்வர் படுத்துக்கினாலும் ஆயிரம். கூப்புடுறவங்களாண்ட நான் இன்னா நைனா சொல்றது?”

நொச்சிக்குப்பத்துக்காரர். வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பது அவர் வேலை. ஒரு அழைப்பு நான்கு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. என்னிடம் வந்து காரணம் கேட்டுப் போவதற்குள் எட்டு நிமிடம் ஓடிவிடும். அந்த மாத முடிவில் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த மாதமும் தாண்டினால் வேலை இல்லை.

ஒவ்வொரு காரணத்துக்கும் தனி எக்செப்ஷன், அதாவது தனிப் பிழை அறிவிப்பு, எழுதி, 1001, 1002, 1003 என்று எண் கொடுத்தேன். அவர் அதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டார். அழைத்தவர்களின் திரையில் வந்ததோ பழைய ஆயிரம்தான்.

“மூணு புள்ள பெத்து மூணுக்கும் ஒரே பேரா வச்சிக்கினு கீற?”

“பழைய பக்கம் தெரியுதுக்கா. பிரௌசரைக் கிளியர் பண்ணச் சொல்லுங்க.”

சொன்னார். முழங்கால் வலிக்காரப் பாட்டிகளுக்கெல்லாம் போனில் பிரௌசரைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார், ஒரு வாரம். அழைப்பு ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடம். எட்டாம் நாள்தான் என் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் பிடித்து ஆயிரமாக்கும் என் பழைய வரிகள் முன்பதிவுப் பகுதியில் அப்படியே இருந்தன; புது எக்செப்ஷன்கள் அங்கேயே சிக்கின. முதலிலேயே பார்த்திருக்க ஐந்து நிமிடம் போதும். எனக்கு என்னையே அறையத் தோன்றியது.

மேலாளர் ஸ்ரீரங்கனிடம் போய், “தப்பு என்னுது சார்” என்றேன்.

“இருக்கட்டும்ப்பா. ரிப்போர்ட்ல அவ நிமிஷம்தானே இருக்கு, உன் கோடு இல்லியே.”

மாதக் கடைசியில் அக்கா ஹெட்போனைக் கழற்றி என் மேசையில் வைத்தார். “இனிமே வர்ற பொண்ணையாவது அலைய வுடாத.”

இப்போது அசோக் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறார். நான் போன் செய்தால் எடுப்பதில்லை.